எழுதி, மெட்டுப் போட்டு, தானே பாடுகிறவர் மதுரையில் இருந்தபடி பிழைக்க முடியுமா?

ஒரு தம்பி எழுதிக் கேட்டிருக்கிறார். உசிலம்பட்டிப் பக்கம் கிராமம். வயது 24. மதுரையில் ஒரு செல்போன் கடையில் வேலை. தானே எழுதி, மெட்டுப் போட்டு, கிடார் வாசித்துப் பாடிய நான்கு பாட்டு யூடியூபில் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு ஒரு கம்பெனி, 'இனி உங்கள் பாட்டுகளை நாங்கள் வெளியிடுகிறோம்' என்று ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. கையெழுத்துப் போடலாமா, சென்னைக்குப் போய்விடலாமா, இதில் சோறு கிடைக்குமா, கடை வேலையை எப்போது விடலாம் என்பது தம்பியின் கேள்வி. ஒப்பந்தத்தின் முக்கியமான பத்தியையும், தன் பாட்டில் நான்கு வரியையும் கூடவே போட்டிருக்கிறார்.

நான் மதுரையில் பல வருடம் ஆர்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசித்தவன். இப்போது செல்லூரில் சின்னதாக ஒரு ரெக்கார்டிங் ரூம் வைத்திருக்கிறேன். நான் கவிஞனும் இல்லை, பாடகனும் இல்லை. ஆனால் இந்த இரண்டு வகையினரும் பணம் வாங்குவதையும், வாங்காமல் திரும்பிப் போவதையும் பக்கத்தில் இருந்து பார்த்தவன். அந்த அளவில் சொல்கிறேன்.

முதலில் அந்தக் காகிதம். இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். 'மேற்படி பாடல்கள் மற்றும் எதிர்காலப் பாடல்களின் அனைத்து உரிமைகளும் உலகம் முழுவதும் நிரந்தரமாக' என்று ஒரு வரி இருக்கிறதே, அதுதான் காரணம்.

பாட்டு என்பதை நாம் ஒரே சாமானாகப் பார்க்கிறோம். 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. அதற்கு வரிகள் தனி. அது இலக்கியப் படைப்பு. மெட்டு தனி, அது இசைப் படைப்பு, அதில் சொற்கள் சேராது என்று சட்டமே சொல்லிவிடுகிறது. பாடிய குரலுக்குத் தனியாக ஓர் உரிமை. கடைசியாக, பதிவாகி நிற்கிற ஒலிப்பதிவுக்கு இன்னோர் உரிமை. அது செலவு செய்து பதிவை ஏற்பாடு செய்தவருக்கு. சினிமாவில் இந்த நான்கும் நான்கு கையில் இருக்கும்: கவிஞர், இசையமைப்பாளர், பாடகர், ஆடியோ கம்பெனி. உங்கள் பாட்டில் நான்கும் உங்கள் ஒருவர் கையிலேயே இருக்கிறது. எழுதிப் பாடுகிறவருக்கு இருக்கிற பெரிய பலமே இதுதான். அந்த ஒற்றை வரி நான்கையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போகிறது. இன்னும் எழுதாத பாட்டையும் சேர்த்து.

எவ்வளவு காலத்துக்கு இது சொத்து என்று பாருங்கள். வரிக்கும் மெட்டுக்கும் உங்கள் ஆயுள் முழுவதும், அதற்குப் பிறகு 60 ஆண்டும் பாதுகாப்பு உண்டு. ஒலிப்பதிவுக்கு அது வெளியானதிலிருந்து 60 ஆண்டு. பாடியவர் உரிமைக்கு 50. நீங்கள் 80 வயது வரை இருந்தால், இன்றைக்கு எழுதிய பாட்டு இன்னும் நூறு வருடத்துக்கு மேல் உங்கள் குடும்பத்துச் சொத்து. ஊரில் அரை ஏக்கர் இருந்தால் கிரயம் பண்ணுவதா, குத்தகைக்கு விடுவதா என்று எத்தனை பேரிடம் கேட்போம்? இதிலும் அதே இரண்டு வழிதான். உரிமையை எழுதிக் கொடுப்பது கிரயம். இத்தனை வருடத்துக்கு, இன்ன பாட்டுக்கு மட்டும் என்று உரிமம் கொடுப்பது குத்தகை. உங்களுக்கு வந்திருப்பது கிரயப் பத்திரம், அதுவும் தொகை எழுதாத பத்திரம்.

சட்டம் உங்கள் பக்கம் சில விஷயங்களைச் செய்து வைத்திருக்கிறது. உரிமை மாற்றம் வாய்வார்த்தையாகச் செல்லாது. எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எந்தப் படைப்பு, எந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த எல்லை, என்ன ராயல்டி (பாட்டைப் பயன்படுத்துவதற்காக உங்களுக்கு வர வேண்டிய தொகை) என்பதெல்லாம் அதில் வர வேண்டும். காலம் எழுதாமல் விட்டால் 5 ஆண்டு என்று கொள்ளப்படும். எல்லை எழுதாமல் விட்டால் இந்தியா மட்டும். வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தவில்லை என்றால் அது காலாவதி ஆகிவிடும், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய. இப்போது புரியும், கம்பெனிக் காகிதங்களில் 'நிரந்தரமாக', 'உலகம் முழுவதும்', 'பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும்' என்று ஏன் விழுந்து விழுந்து எழுதுகிறார்கள் என்று. இந்த இயல்பான பாதுகாப்புகளை ஒவ்வொன்றாக அடைப்பதற்குத்தான்.

அடைக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. 2012-ல் வந்த திருத்தம். வரி எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் பதிப்புரிமையை எழுதிக் கொடுத்திருந்தாலும், அந்தப் பாட்டைப் பயன்படுத்தி வருகிற ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமையை விட்டுக் கொடுக்க முடியாது. விட்டுக் கொடுத்ததாக எழுதி வாங்கினாலும் அது செல்லாது. வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும்தான் அதை மாற்றலாம். சினிமாப் பாட்டில் தியேட்டரில் படத்தோடு ஓடுவதற்கு மட்டும் விலக்கு. உங்களுடையதுபோன்ற தனிப்பாட்டுக்கு அந்த விலக்குகூடக் கிடையாது. ஆனால் சட்டத்தில் இருக்கிறது என்பதற்காகப் பணம் வீடு தேடி வராது. வசூலிப்பதற்கென்று ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் 1969 முதல் மும்பையில் இருக்கிறது. எழுத்தாளர், இசையமைப்பாளர் இரண்டு தகுதியிலும் அதில் உறுப்பினர் ஆகுங்கள். ஒன்றை மட்டும் டிக் அடித்துவிட்டு வராதீர்கள். பாடகர்களுக்கு அது பொருந்தாது. அவர்களுக்கு இசம்ரா என்று தனிச் சங்கம்.

சரி, கம்பெனிக்கு என்ன பதில் எழுதுவது? எதிர்காலப் பாட்டு கூடாது. இந்த நான்கு மட்டும், பெயர் போட்டு. எழுதிக் கொடுப்பது இல்லை, உரிமம், மூன்று வருடம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கணக்குக் காட்ட வேண்டும். என் சொந்தச் சேனலில் கிடக்கிற என் பாட்டுக்கு உங்கள் காப்பிரைட் கிளைம் வரக் கூடாது. இந்தக் கடைசி விஷயத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. யாருடைய பாட்டு என்று தானாகவே கண்டுபிடிக்கிற யூடியூபின் கன்டென்ட் ஐடி-யில் கம்பெனி உங்கள் பாட்டை ஏற்றிவிட்டால், நீங்கள் கிராமத்து மேடையில் அதைப் பாடி ஏற்றுகிற வீடியோவின் வருமானமும் அவர்களுக்குப் போய்விடும். அவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. எல்லாருக்கும் அனுப்புகிற ஒரே காகிதத்தை உங்களுக்கும் அனுப்பியிருக்கலாம். திருத்தம் கேட்டால் பாதிப் பேர் திருத்திக் கொடுக்கிறார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இங்கே இருக்கும்போது, பதிப்புரிமை தெரிந்த ஒரு வக்கீலிடம் ஒருமுறை கட்டணம் கொடுத்துக் காட்டுவது பெரிய விஷயம் இல்லை. பதிப்புரிமைப் பதிவு கட்டாயம் இல்லை. எழுதிய நிமிடத்தில் உரிமை பிறந்துவிடும். ஆனால் நாளைக்குச் சண்டை வந்தால் பதிவு கைகொடுக்கும். வரிக்கும் மெட்டுக்கும் படைப்பு ஒன்றுக்கு 500 ரூபாய்தான் கட்டணம்.

அடுத்தது சென்னை.

எம்.எஸ். பிறந்த ஊர், டி.எம்.எஸ். பிறந்த ஊர் என்று நாம் மேடையில் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். இரண்டு பேரும் நாடறிந்தவர்கள் ஆனது சென்னைக்குப் போன பிறகுதான். அன்றைக்கு அது கட்டாயம். ஒலிப்பதிவுக் கூடம், வாத்தியக்காரர்கள், இசைத்தட்டுக் கம்பெனி எல்லாம் அங்கேதான் இருந்தன. இன்றைக்கு உங்களைப்போல் ஒருவர் வீட்டிலிருந்தே பாட்டை உலகத்துக்கு அனுப்பலாம் என்பதால் அந்தக் கட்டாயம் போய்விட்டது. சினிமா மட்டும் இன்னும் அங்கே இருக்கிறது. ஆனால் சினிமாவில் 'எழுதி, மெட்டுப் போட்டு, பாடுகிறேன்' என்று ஒரு வேலை கிடையாது. போனவுடன் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். பெரிய பாடகர் பாடுவதற்கு முன் மாதிரிக்காக ட்ராக் பாடுவீர்கள், அல்லது ஒரு கவிஞரிடம் உதவியாளராக இருப்பீர்கள், அல்லது ஒரு இசையமைப்பாளரின் ரூமில் புரோகிராமிங், அதாவது கம்ப்யூட்டரில் வாத்திய இசை கோர்க்கிற வேலை, பண்ணுவீர்கள். மூன்றுமே நல்ல வேலைதான்; நீங்கள் கேட்ட வேலை இல்லை.

பண்ணைப்புரத்தை எல்லாரும் உதாரணம் காட்டுவார்கள். அதை முழுசாகப் பார்க்க வேண்டும். இளையராஜாவின் முதல் படம் 1976-ல் வந்தது. அதற்கு முன்னால் பல வருடம் அண்ணன் பாவலர் வரதராசனோடு கட்சி மேடைகளில் ஊர் ஊராக வாசித்திருந்தார். சென்னைக்குப் போனபின் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தார், ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். ரயில் ஏறியதை மட்டும் கதையாகச் சொல்லி, மேடையில் கழிந்த வருடங்களை விட்டுவிடுகிறார்கள். இன்னொரு பக்கம், பரவை முனியம்மா சினிமாவுக்கு வந்தது 2003-ல். அதற்கு வெகுகாலம் முன்பே கோயில் மேடைகளில் அவர் பெயருக்கு ஜனம் கூடும். கொல்லங்குடி கருப்பாயியை முதலில் கேட்டது வானொலி நேயர்கள். சினிமா அவர்களைத் தேடி வந்தது.

அதனால் என் கருத்து: வேலை கூப்பிட்டால் போங்கள், வேலை தேடிப் போகாதீர்கள். பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியும்போது எழும்பூர். ஒரு ரெக்கார்டிங்குக்குப் போய்விட்டு மறுநாள் காலையில் ஊரில் இருக்கலாம். வாடகையும் சாப்பாட்டுச் செலவும் தலைக்கு மேல் ஏறினால், கையில் இருக்கிற பாட்டை முதலில் கேட்கிறவனுக்கு விற்றுவிடத் தோன்றும். அவசரத்தில் இருக்கிறவன் பத்திரத்தைப் படிக்க மாட்டான்.

இப்போது உங்கள் பாட்டு. நான்கையும் கேட்டேன். குரலில் குறை இல்லை. ஆனால் நான்கும் ஒரே கட்டை (சுருதி), ஒரே நடை, கிடாரில் அதே நாலு கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டு. அந்தக் கார்டுகளில் கை பழகிவிட்டதால் மெட்டும் அதற்குள்ளேயே சுற்றுகிறது. ஒரு மாதம் கிடாரைத் தொடாமல், தொடையில் தாளம் தட்டி மெட்டுப் போட்டுப் பாருங்கள். தெம்மாங்கு கேட்டு வளர்ந்த காதுக்கு மெட்டு கார்டிலிருந்து வராது, சந்தத்திலிருந்து வரும். 'தன்னானே' என்று தொடங்குகிற எந்தக் கிழவியிடமும் கிடார் இருந்ததில்லை.

நீங்கள் அனுப்பிய நான்கு வரி:

காலம் என்னும் நதியிலே
கனவுப் படகில் போகிறேன்
அத்தை வீட்டுத் திண்ணையிலே
ஆடிக் காத்து தூங்குது

முதல் இரண்டு வரியை யார் வேண்டுமானாலும் எழுதலாம், எழுதியும் இருக்கிறார்கள். அடுத்த இரண்டு உங்களுடையது. ஆடிக் காத்தையே தூங்க வைத்துவிட்டீர்கள், அத்தை வீட்டில் ஏதோ ஆகிவிட்டது என்று கேட்கிறவனுக்குத் தெரிந்துவிடுகிறது. அதைப் பல்லவிக்குக் கொண்டு வாருங்கள், காலத்தையும் நதியையும் தூக்கிப் போடுங்கள். ஒரு தொழில் விஷயமும் உண்டு. உச்ச ஸ்தாயியில் நீங்கள் நீட்டி நிறுத்துகிற இடம் 'தூங்குது'வின் கடைசி 'து'. குரல் அடைபடுகிற இடம் அது. நீட்டுகிற ஸ்வரத்துக்கு ஆ, ஏ, ஓ மாதிரித் திறந்த நெடில் வேண்டும். 'திண்ணையிலே'யின் 'லே'யை அங்கே கொண்டுபோய் வைத்தால் குரல் தானாகத் திறக்கும். குறிலை இழுத்துப் பாடுகிற வழக்கமும் உங்களிடம் இருக்கிறது. 'கலை'யை இழுத்தால் ஊருக்குக் 'காலை' என்றுதான் கேட்கும். முதலில் சொல் இல்லாமல் 'தன்னானே' மாதிரித் தத்தகாரத்தில் மெட்டை எழுதி, நெடில் விழுகிற இடத்தைக் கோடு போட்டுவிட்டு, பிறகு சொல் தேடுங்கள்.

இதையெல்லாம் எங்கே பழகுவது? பசுமலையில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. வாய்ப்பாட்டு அடிப்படை வேண்டுமென்றால் அது நல்ல இடம். வேலைக்குப் போகிறவருக்கு நேரம் ஒத்துவராவிட்டால், சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் என்ற ஆரம்பப் பாடங்கள் வரைக்குமாவது ஒரு ஆசிரியரிடம் உட்காருங்கள். ஆனால் எழுதிப் பாடுகிறவருக்கு மதுரை வைத்திருக்கிற உண்மையான பள்ளிக்கூடம் மேடை. நான் அதைத்தான் முதலில் சொல்வேன்.

ஆர்கெஸ்ட்ராவில் ஏறினால் முதல் கேள்வி, 'என்ன கட்டை?' ஒரு கட்டை என்றால் சி, இரண்டு என்றால் டி, நாலு எஃப், ஐந்து ஜி. உங்கள் குரல் எந்தக் கட்டையில் எதுவரை ஏறும், கச்சேரி முடிகிற நேரத்தில் எதுவரை ஏறும் என்பது இரண்டு சீசனில் உங்களுக்குத் தெரிந்துவிடும். அப்புறம்தான் சொந்தப் பாட்டைச் சொந்தக் கட்டையில் எழுதுவீர்கள். கூட்டம் சினிமாப் பாட்டுக்குத்தான் வந்திருக்கிறது, அதில் சங்கடப்பட ஒன்றும் இல்லை. தொடக்கத்தில் சாமிப் பாட்டு இரண்டு முடிந்து, கூட்டம் உட்கார்ந்து, ஆட்டப் பாட்டு தொடங்கும் முன்னால் ஒரு இடைவெளி வரும். சொந்தப் பாட்டை வைக்க அதுதான் இடம். கடைசியில் வைத்தால் போச்சு. ஒலிபெருக்கி அனுமதி இரவு 10 மணியோடு முடிகிற ஊரில், மணி ஆனதும் பட்டியலில் முதலில் வெட்டுப்படுவது யாருக்கும் தெரியாத பாட்டுதான். 'இது நான் எழுதியது' என்று அறிவிக்காமல் பாடிப் பாருங்கள். இரண்டாவது தடவை பல்லவி வரும்போது முன்வரிசைப் பிள்ளைகள் வாயசைத்தால் பாட்டு நிற்கும். யாரும் எழுந்து டீக் குடிக்கப் போகாமல் இருந்தாலே பாதி வெற்றி.

ஆர்கெஸ்ட்ரா ஒன்று, இன்னொன்று ஸ்பெஷல் நாடகம். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் சிறுவர்கள் நடிக்கிற பாலர் சபா தொடங்கிய ஊர் இது. சுண்ணாம்புக்காரத் தெருவில் நாடக நடிகர் சங்கம் இன்றும் இருக்கிறது. ராஜபார்ட் (கதாநாயக வேடக்காரர்) ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் (நாயகி வேடக்காரர்) இன்னோர் ஊரிலிருந்து வருவார், ஆர்மோனியக்காரர் வேறு ஊர். ஒத்திகை கிடையாது. மேடையில்தான் சந்திப்பு. விடிய விடிய நடக்கும். வள்ளியும் முருகனும் தர்க்கம் பண்ணுகிற இடத்தில், ஒருவர் எடுத்த சந்தத்திலேயே மற்றவர் அந்த நிமிடமே பதில் கட்டிப் பாட வேண்டும். பாடலாசிரியர், பாடகர், நடிகர் எல்லாம் ஒரே ஆள். உங்களுக்கு முன்னோடி மேற்கத்திய கிடார்க்காரர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தால், பங்குனியில் ஏதாவது கிராமத்துப் பொங்கலுக்குப் போய் ஆர்மோனியக்காரர் பக்கத்தில் ஓர் இரவு உட்கார்ந்து பாருங்கள். அழகர் வர்ணிப்புப் பாடுகிறவர்களையும் சித்திரைத் திருவிழாவில் தேடிப் பிடித்துக் கேளுங்கள். மூச்சு எங்கே எடுக்கிறார்கள் என்று மட்டும் கவனித்தாலே போதும்.

சோறு பற்றிக் கேட்டீர்கள். பிழைக்கலாம். ஆனால் நீங்கள் நினைக்கிற வழியில் இல்லை. ஸ்பாட்டிஃபையிலோ யூடியூபிலோ வருகிற பணம் முதல் சில வருடங்களுக்கு டீச் செலவுக்குக்கூடக் காணாது. மதுரைச் சுற்றுவட்டாரத்தில் எழுதிப் பாடுகிறவருக்கு ரொக்கம் வருகிற இடம் ஆர்டர் பாட்டு. குலசாமிக்குப் பாட்டு கேட்பார்கள். கும்பாபிஷேகத்துக்குக் கேட்பார்கள். காதணி விழா, புதுமனை, அப்பா நினைவுநாள், துணிக்கடைத் திறப்பு, தேர்தல். எல்லாவற்றுக்கும் மேல் ஜல்லிக்கட்டுக் காளை. தை முதல் நாள் அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதற்கடுத்து அலங்காநல்லூர். என் ரூமுக்கு மார்கழியிலேயே காளைக்காரர்கள் வந்துவிடுவார்கள். காளையின் பெயர், அதன் நிறம், எந்த வாடியில் யாரிடமும் பிடிபடாமல் வந்தது, வளர்த்தவர் பெயர், ஊர்க் கோயில், இவ்வளவும் ஒரே பாட்டில் வர வேண்டும். கேலியாக நினைக்காதீர்கள். இவ்வளவு கட்டுக்குள் ஒரு பாட்டு எழுதி, அதைக் கேட்டு அந்த வீட்டு அம்மா அழுதுவிட்டால், நீங்கள் எந்த இயக்குநர் சொல்லும் சூழலுக்கும் எழுதிவிடுவீர்கள்.

இதிலும் பத்திரம் உண்டு. பாதிப் பணம் முன்கூட்டி. வரியில் ஒரு தடவை திருத்தம் இலவசம், அதற்குமேல் காசு. வரிகளை அவர்கள் வைத்துக்கொள்ளட்டும். வேறு காளைக்கு அவை ஆகப் போவதில்லை. மெட்டு உங்களுடையது என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி, அவர்கள் 'சரி' என்று பதில் போட்டதை அழிக்காமல் வையுங்கள். முழுப் பத்திரத்துக்கு அது ஈடாகாது, ஆனால் ஒன்றுமே இல்லாததற்கு எவ்வளவோ மேல். சினிமா மெட்டில் புது வரி போட்டுக் கொடுங்கள் என்று நிறையப் பேர் கேட்பார்கள். கேசட் காலத்திலிருந்து பழகிய பழக்கம். மேடையோடு போனால் யாரும் கண்டுகொள்வதில்லை. யூடியூபில் ஏற்றினால் அன்றைக்கே கிளைம் வரும், வருமானம் மெட்டுக்காரருக்குப் போகும், சில நேரம் வீடியோவே போய்விடும். அந்த ஆர்டர்களை நான் வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்தபோது நாலு வாடிக்கையாளர் போனார்கள். மற்றவர்கள் புது மெட்டே வாங்கிக்கொண்டார்கள்.

ரெக்கார்டிங் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், நீங்களே வீட்டில் பண்ணுகிறீர்கள். ஒன்று மட்டும். உங்கள் பதிவில் பின்னால் ஃபேன் ஓடுகிறது, தெருவில் மைக்செட் கேட்கிறது. கன்டென்ஸர் மைக் எல்லாவற்றையும் அள்ளும். தகரக் கொட்டகையும் தெருச் சத்தமும் உள்ள வீட்டுக்கு, வாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பாடுகிற டைனமிக் மைக்தான் சரி. விலையும் குறைவு. யாராவது உங்களுக்குப் புரோகிராமிங் பண்ணிக் கொடுத்தால், அவருக்குக் கொடுத்த தொகை, அது முழுக் கூலியா அல்லது பங்கு உண்டா என்பதை அன்றைக்கே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பாட்டு ஓடாதவரை எல்லாரும் நண்பர்கள்தான். வாத்தியம் வாத்தியமாகப் பதிந்த தனித்தனி ட்ராக்குகளையும் கேட்டு வாங்கி இரண்டு இடத்தில் வையுங்கள்.

வெளியிடுவதற்கு அந்தக் கம்பெனி தேவையே இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் மாதிரி விநியோகச் சேவைகள் கட்டணத்துக்கோ பங்குக்கோ எல்லாத் தளங்களிலும் ஏற்றிவிடுகின்றன, உரிமை உங்களிடமே இருக்கும். ஒவ்வொரு பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. எண் ஒன்று தருவார்கள். அது அந்தப் பதிவின் அடையாளம், எழுதி வையுங்கள். எழுதியவர், இசை என்ற இரண்டு கட்டத்திலும் பெயரை நிரப்புங்கள், எல்லா இடத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலில். ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு முந்தைய 12 மாதத்தில் 1,000 தடவையாவது கேட்கப்பட்டிருந்தால்தான் அதற்கு ராயல்டியே கணக்கில் வரும். யூடியூபில் விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரர்களும், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். ஷார்ட்ஸ் வழியாக என்றால் 90 நாளில் ஒரு கோடிப் பார்வை. வருமானம் தொடங்கியதும் வரிப் படிவத்தில் பான் எண் கொடுத்து இந்திய-அமெரிக்க வரி உடன்பாட்டைக் கோருங்கள். அமெரிக்காவில் இருக்கிற நம் ஆட்கள் பார்த்து வருகிற பகுதிக்கு 15 சதவீதம்தான் பிடிப்பார்கள். கோராவிட்டால் 30.

வானொலியை விட்டுவிடாதீர்கள். மதுரை வானொலி நிலையத்தில் மெல்லிசைக்கும் நாட்டுப்புற இசைக்கும் குரல் தேர்வு நடக்கும். தேறினால் பி, பி ஹை, ஏ என்று கிரேடு. பணம் பெரிதாக இருக்காது. ஆனால் 'வானொலிக் கலைஞர்' என்று நோட்டீஸில் போட்டால் கிராமத்துக் கமிட்டி உங்களிடம் பேரம் பேசுகிற தொனியே மாறும். டிவி பாட்டுப் போட்டிகள் பற்றி என் எண்ணம் வேறு. அங்கே தேவை அடுத்தவர் பாட்டைப் பிரமாதமாகப் பாடுகிறவர். முகம் தெரியும், மேடைச் சம்பளம் ஏறும், சரி. எழுதுகிற ஆளுக்கு அங்கே வேலை இல்லை. போவதானால் அதைத் தெரிந்துகொண்டு போங்கள், அங்கேயும் காகிதத்தைப் படித்துவிட்டு.

கடை வேலை. பங்குனி, சித்திரை, வைகாசியில் மேடை வருமானத்தைப் பார்த்துவிட்டு வேலையை விட்டவர்கள் நிறைய. புரட்டாசி, ஐப்பசியில் மழை தொடங்கி, ஊர்த் திருவிழா ஒன்றும் இல்லாதபோது திரும்பவும் கடை வாசலில் நிற்பார்கள். கார்த்திகை பிறந்தால் ஐயப்பன் பஜனை, பிறகு காளை ஆர்டர் என்று மறுபடி சூடுபிடிக்கும். ஆகவே சித்திரை மாத வருமானத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள், ஐப்பசி மாத வருமானத்தை வைத்து எடுங்கள். ஐப்பசியில் பாட்டால் மட்டும் வந்த பணம், அது மேடையோ ஆர்டரோ, கடைச் சம்பளத்தில் முக்கால்வாசி இருந்தால், அதுவும் அடுத்தடுத்து இரண்டு வருடம் இருந்தால், முதலாளியிடம் பேசலாம். அதுவரை சீசனில் மட்டும் சம்பளம் இல்லாத விடுப்பு கேளுங்கள். செல்போன் கடைக்கு ஆடித் தள்ளுபடியும் தீபாவளியும்தான் கூட்டம், சித்திரையில் ஆள் குறைந்தால் சமாளித்துக்கொள்வார்கள். அப்பாவிடம் இந்தக் கணக்கை மாத வாரியாக ஒரு நோட்டில் எழுதிக் காட்டுங்கள். இசை பற்றிப் பேசினால் அவர் கேட்க மாட்டார், நோட்டைக் காட்டினால் படிப்பார்.